54 வாய்ப்புகளில் ஒரு ஹிட்கூட இல்லை: கிறிஸ் டேவிஸை எப்படி மதிப்பிடுவது?

நாற்சதுரம் எழுதியது:

பேஸ்பாலில் மிக நீண்ட காலம் ஹிட் (பந்தை அடித்துவிட்டு ஒரு தளத்தையாவது பத்திரமாக அடைவது) கிடைக்காமல் தவித்த பேட்டர் யார் என்று கேட்டால், இப்போது எல்லோரும் பால்டிமோர் ஓரியோல்ஸ் அணியின் கிறிஸ் டேவிஸைத்தான் சொல்கிறார்கள். 2018 செப்டம்பர் 14 அன்று ஒரு டபுள் (இரண்டாம் தளம் வரை கொண்டுசேர்க்கும் ஹிட்) அடித்தவர், அந்த சீசனில் எஞ்சியிருந்த 21 வாய்ப்புகளிலும் (சராசரிக் கணக்கில் சேரும் பேட்டிங் முறைகள்), 2019 சீசனின் முதல் 33 வாய்ப்புகளிலும் வெறுங்கையோடுதான் திரும்பினார். பிட்சர்களை, அதாவது பந்து வீசுபவர்களைத் தவிர்த்துப் பார்த்தால், அதற்கு முன்பு யூஜெனியோ வெலெஸின் பெயரில் 46 என்று இருந்த சாதனை, 2019 ஏப்ரல் 8 அன்று பால்டிமோரிலேயே, ஓக்லண்ட் அணிக்கு எதிரான ஆட்டத்தில் முறிந்தது. அன்று ஐந்து வாய்ப்புகளிலும் தோற்று எண்ணிக்கையை 49 ஆக்கிய டேவிஸ், அது 54ஐத் தொட்ட பிறகுதான் மீண்டார்.

என் வாதம் இதுதான். அந்த 54 என்ற எண்ணை வைத்துக்கொண்டு டேவிஸைப் பற்றி நம்மால் ஏறக்குறைய எதையுமே தெரிந்துகொள்ள முடியாது. உண்மையில் கவலைப்பட வேண்டிய எண் அதற்கு முந்தைய சீசனின் .168 என்ற பேட்டிங் சராசரிதான் (ஹிட்டுகளை வாய்ப்புகளால் வகுத்து வரும் எண்). 2018இல் 470 வாய்ப்புகளில் 79 ஹிட்டுகள் மட்டுமே அடித்த அவர், 192 முறை ஸ்ட்ரைக் அவுட் ஆனார், அதாவது பந்தை ஆட்டத்துக்குள் அடிக்காமலேயே மூன்று ஸ்ட்ரைக்கில் வெளியேறினார். சராசரிப் பட்டியலில் இடம்பெறத் தேவையான அளவுக்கு ஆடிய ஒரு பேட்டர், முழு சீசனில் இவ்வளவு தாழ்ந்து போனது அதுவரை நடந்ததில்லை. அதற்கு முந்தைய தாழ்ந்த அளவான .179ஐ 1991இல் ராப் டியரும் 2013இல் டான் அக்லாவும் பகிர்ந்துகொண்டிருந்தார்கள். சீசன் இடைவெளியையும் சேர்த்து ஏழு மாதங்கள் நீண்ட 54 வாய்ப்புகளை உலகமே எண்ணிக்கொண்டிருந்தபோது, மூன்று ஆண்டுகளாகக் கண்முன் நடந்துகொண்டிருந்த வீழ்ச்சியைப் பற்றிப் பேச யாருக்கும் அவகாசம் இருக்கவில்லை.


இடதுகை ஆட்டக்காரன் எழுதியது:

நாற்சதுரம் சொல்வதை என்னால் முழுமையாக ஏற்க முடியவில்லை. 2013இல் இதே டேவிஸ் 53 ஹோம் ரன் (எல்லாத் தளங்களையும் சுற்றி வர உதவும், பெரும்பாலும் மைதான எல்லையைத் தாண்டும் அடி) அடித்து, ஓரியோல்ஸ் அணியின் வரலாற்றிலேயே ஒரு சீசனில் அதிக ஹோம் ரன் அடித்தவர் என்ற பெயரைப் பெற்றார். அந்த ஆண்டு அவருடைய சராசரி .286, ஓட்டிய ரன்கள், அதாவது அவருடைய ஆட்டத்தால் அணிக்கு வந்த ரன்கள், 138. 2015இலும் 47 ஹோம் ரன் அடித்தார். அப்படிப்பட்ட ஒருவரின் திறமை மூன்றே ஆண்டுகளில் கரைந்து போய்விட்டது என்று சொல்வதைவிட, எதிரணிகள் அவரை மடக்கும் வழியைக் கண்டுபிடித்துவிட்டன என்று சொல்வதே பொருத்தம்.

டேவிஸ் இடதுகை பேட்டர். பந்தைப் பெரும்பாலும் வலப்பக்கமாகவே இழுத்து அடிப்பவர். அதனால் எதிரணிகள் இரண்டாம் தளத்துக்கு வலப்பக்கத்தில் மூன்று ஃபீல்டர்களை அடுக்கி வைத்தன. இதற்கு ஷிஃப்ட் என்று பெயர். நல்ல வேகத்தோடு தரையில் உருண்டு போகும் பந்து, பத்தாண்டுகளுக்கு முன்பு நிச்சயமான ஹிட்டாக இருந்திருக்கும், ஆனால் புல்தரையின் ஓரத்தில் ஒருவர் நின்றுகொண்டு அதை நிதானமாகப் பொறுக்கி முதல் தளத்துக்கு எறிந்துவிடுவார். 2023இல்தான் பேஸ்பாலின் உச்ச லீக்கான மேஜர் லீக் இந்த ஷிஃப்டைக் கட்டுப்படுத்தி, இரண்டாம் தளத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு இன்ஃபீல்டர்கள் (தளங்களை ஒட்டி நிற்கும் ஃபீல்டர்கள்) நிற்க வேண்டும் என்று விதி கொண்டுவந்தது. டேவிஸ் அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டார். அந்த விதி முன்பே வந்திருந்தால் நாம் இந்த இழையில் பேசிக்கொண்டிருக்க மாட்டோம் என்றே நினைக்கிறேன்.


கணக்கன் எழுதியது:

இருவர் சொல்வதிலும் எண்கள் வருவதால், ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு வாய்ப்பும் மற்றதைச் சாராதது என்று வைத்துக்கொள்வோம். .250 சராசரி உள்ள ஒரு சாதாரண பேட்டர், குறிப்பிட்ட ஓர் இடத்தில் தொடங்கி 54 முறை தொடர்ந்து தோற்பதற்கான நிகழ்தகவு ஏறக்குறைய 55 லட்சத்தில் ஒன்று. அதே கணக்கை .168 சராசரி உள்ளவருக்குப் போட்டால், அது சுமார் 20,000இல் ஒன்றாகிவிடுகிறது. அதாவது, 2018இன் டேவிஸாக இருப்பவருக்கு இந்த விபத்து நேர்வது, சாதாரண பேட்டருக்கு நேர்வதைவிட 250 மடங்குக்கும் மேல் எளிது. தொடர் எந்த வாய்ப்பிலிருந்து வேண்டுமானாலும் தொடங்கலாம் என்பதையும் சேர்த்துக்கொண்டால் இன்னும் எளிதாகிவிடும்.

ஆகவே நாற்சதுரம் சொல்வதன் பக்கமே நான் சாய்கிறேன். 54 என்பது தனியே வானத்திலிருந்து விழுந்த துரதிர்ஷ்டம் அன்று. அடித்தளமான திறன் அவ்வளவு இறங்கிய பிறகு, இப்படி ஒரு நீண்ட வறட்சி வருவதற்கு வேறு காரணம் எதுவும் தேவையில்லை. மாறாக, நல்ல ஃபார்மில் உள்ளவருக்கும் இத்தகைய வறட்சி வரத்தான் செய்யும். 2004 ஏப்ரலில் யாங்கீஸின் டெரெக் ஜீட்டர் 32 வாய்ப்புகளில் ஒரு ஹிட்கூட இல்லாமல் தவித்தார்; பாரி ஜிட்டோ வீசிய பந்தை ஆட்டத்தின் தொடக்கத்திலேயே ஹோம் ரன்னாக அடித்து அதை முடித்துவைத்தார். அந்த ஆண்டு அவர் எப்போதும் போலவே நன்றாக ஆடி முடித்தார். 32ஐ மட்டும் பார்த்தவர்களுக்கு ஜீட்டர் முடிந்துவிட்டார் என்று தோன்றியிருக்கும்.

ஷிஃப்ட் பற்றி ஒரு சொல். ஷிஃப்ட் தடுக்கக்கூடியது மட்டையில் பட்ட பந்தை மட்டுமே. 470 வாய்ப்புகளில் 192 முறை, அதாவது பத்தில் நான்கு முறை, ஃபீல்டர்கள் எங்கே நின்றாலும் பயனில்லை என்ற நிலையில்தான் டேவிஸ் திரும்பினார். ஆகவே இடதுகை ஆட்டக்காரன் சொல்லும் காரணம் உண்மை, ஆனால் அது பாதிக் காரணம்கூட ஆகாது.


பிட்சர்மேடு எழுதியது:

விவாதம் முழுவதும் பேட்டர்களையே சுற்றுவதால், ஒரு பிட்சரைப் பற்றிச் சொல்ல அனுமதியுங்கள். நியூயார்க் மெட்ஸ் அணியின் அந்தோணி யங், 1992 மே முதல் 1993 ஜூலை வரை, முடிவு அவர் பெயரில் எழுதப்பட்ட 27 ஆட்டங்களில் தொடர்ந்து தோற்றார். 1910-11இல் கிளிஃப் கர்டிஸ் 23 ஆட்டங்களில் தோற்றதே அதுவரை சாதனை. இதை மட்டும் படிப்பவர், யங் பந்து வீசவே தெரியாதவர் என்று முடிவு கட்டிவிடுவார்.

ஆனால் அதே தொடரின் நடுவில், 1992இல், அவர் 15 ஆட்டங்களைக் கடைசி நேரத்தில் வந்து காப்பாற்றினார். ரிலீவராக, அதாவது ஆட்டத்தின் நடுவே வரும் மாற்றுப் பிட்சராக, தொடர்ந்து 20க்கும் மேற்பட்ட இன்னிங்ஸ்களில் (ஓர் ஆட்டத்துக்கு வழக்கமாக ஒன்பது சுற்றுகள்) ரன்னே கொடுக்காமலும் வீசினார். 1993ஐ அவர் 1 வெற்றி, 16 தோல்வி என்று முடித்தபோது, ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் கொடுத்த ரன் சராசரி 3.77. அது ஓர் ஒழுங்கான பிட்சரின் எண். பேஸ்பாலில் வெற்றியும் தோல்வியும் பிட்சரின் பெயரில் எழுதப்படுகின்றன என்றாலும், அவருடைய அணி ரன் எடுக்காவிட்டாலும், ஃபீல்டர் பந்தைக் கோட்டைவிட்டாலும், அந்தத் தோல்வியை அவர்தான் சுமக்க வேண்டும்.

தொடர் முறிந்த விதமே இதற்குச் சான்று. 1993 ஜூலை 28 அன்று ஃப்ளோரிடா மார்லின்ஸுக்கு எதிராக, சமநிலையில் இருந்த ஆட்டத்தின் ஒன்பதாவது இன்னிங்ஸில் வந்த யங் ஒரு ரன்னைக் கொடுத்தார். அதுவும் ஃபீல்டிங் பிழையால் வந்ததுதான். 28ஆவது தோல்வி எழுதப்படும் நேரத்தில் மெட்ஸ் பேட்டர்கள் இரண்டு ரன் எடுத்தார்கள். எட்டி மரே அடித்த டபுளில் 5-4 என்று ஆட்டம் முடிந்து, யங் வெற்றி பெற்ற பிட்சர் ஆனார். அன்று அவர் வீசியது, தோற்ற நாட்களில் வீசியதைவிடச் சிறப்பாக இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. முயல்கால், நான்கிலைச் செடி என்று ரசிகர்கள் அதிர்ஷ்டப் பொருள்களை அவருக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். 2017இல் மூளைக்கட்டியால் 51 வயதில் அவர் இறந்தபோதும், இரங்கல் செய்திகள் அந்த 27ஐத்தான் தலைப்பில் வைத்தன. எனக்கு அது மிகுந்த வருத்தத்தைத் தந்தது.


தென்கிழக்கு எழுதியது:

பிட்சர்மேடு அவர்களுக்கு நன்றி. யங்குக்கு எந்தக் குறையும் இல்லை என்றால், குறை தெளிவாக இருந்து, அது சரி செய்யப்பட்ட ஒருவரையும் பேச வேண்டும். புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியின் கில் ஹாட்ஜஸ், யாங்கீஸுக்கு எதிரான 1952 உலகத் தொடரின் (சாம்பியனை முடிவு செய்யும் இறுதித் தொடர்) ஏழு ஆட்டங்களிலும் ஆடினார். 21 வாய்ப்புகளில் ஒரு ஹிட்கூட இல்லை. டாட்ஜர்ஸ் ஏழாவது ஆட்டத்தில் தோற்றார்கள். அடுத்த ஆண்டு மே மாதத்திலும் அவருடைய மட்டை எழவில்லை.

அப்போது புரூக்ளினில் நடந்ததை நான் எத்தனை முறை படித்தாலும் சலிப்பதில்லை. புனித பிரான்சிஸ் சேவியர் தேவாலயத்தில் ஞாயிறு பூசையின்போது, ஹெர்பர்ட் ரெட்மண்ட் என்ற பாதிரியார், பிரசங்கம் செய்ய முடியாத அளவுக்கு வெக்கையாக இருக்கிறது, வீட்டுக்குப் போய்க் கட்டளைகளைக் கடைப்பிடியுங்கள், கில் ஹாட்ஜஸுக்காக ஒரு செபம் சொல்லுங்கள் என்று கூறி மக்களை அனுப்பிவைத்தார். உள்ளூர் ரசிகர்கள் ஹாட்ஜஸை இகழ்ந்து கூச்சலிடவில்லை. கடிதங்களும் செபமாலைகளும் அவருக்கு வந்து குவிந்தன.

செபம் ஒருபுறம் இருக்க, மேலாளர் சார்லி டிரெஸ்ஸன் வேறொரு வேலையும் செய்தார். ஹாட்ஜஸ் மட்டை வீசுவதைப் படம் பிடித்து அவரிடமே போட்டுக் காட்டினார். வளைந்து வரும் பந்து உடலை நோக்கி வருவதுபோல் தோன்றும்போது, வலதுகை பேட்டரான அவருடைய முன்கால் பிட்சரை நோக்கிப் போகாமல் மூன்றாம் தளப் பக்கமாக விலகியது. கால் விலகினால் இடுப்பும் விலகும். வெளிப்புற மூலையில் விழும் பந்து மட்டைக்கு எட்டாது. அதைத் திருத்திக்கொண்ட ஹாட்ஜஸ், 1953ஐ .302 சராசரியோடும் ஓட்டிய 122 ரன்களோடும் முடித்து, அந்த ஆண்டின் உலகத் தொடரில் .364 அடித்தார். 1955இல் புரூக்ளின் தன் ஒரே உலகத் தொடர் பட்டத்தை வென்றபோது, ஏழாவது ஆட்டத்தின் இரண்டு ரன்களையும் ஓட்டியவர் அவரே. 2022இல் அவருக்குச் சிறந்த ஆட்டக்காரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் இடமும் கிடைத்தது.

ஆகவே நாற்சதுரத்திடம் ஒரு கேள்வி. டேவிஸுக்கும் இப்படி யாராவது ஒரு குறையைக் கண்டுபிடித்துக் கொடுத்திருக்க முடியாதா?


நாற்சதுரம் எழுதியது:

தென்கிழக்கு கேட்பது நியாயமான கேள்வி. டிரெஸ்ஸனிடம் ஒரு படக்கருவி இருந்தது. 2019இன் டேவிஸைச் சுற்றி ஒவ்வொரு மைதானத்திலும் பல கேமராக்களும், மட்டையிலிருந்து பந்து கிளம்பும் வேகத்தையும் கோணத்தையும் அளக்கும் கருவிகளும் இருந்தன. குறை தெரியாமல் இல்லை. வேகமான பந்துக்கு அவருடைய மட்டை நேரத்துக்கு வந்து சேரவில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மணிக்கு 95 மைல் வேகத்தில் வரும் பந்து, பிட்சரின் கையை விட்டு 0.4 விநாடியில் பேட்டர் நிற்கும் தட்டை அடைந்துவிடும். அதில் பாதிக்குள் வீசுவதா வேண்டாமா என்று முடிவெடுத்தாக வேண்டும். முப்பதுகளின் நடுவில் உள்ள, பெரிய உடலும் நீண்ட வீச்சும் கொண்ட ஒருவருக்கு அந்த முடிவு ஒரு கணம் பிந்தினால், அதைப் படம் காட்டித் திருத்திவிட முடியாது. முன்கூட்டியே ஊகித்து வீசத் தொடங்கினால், மெதுவான பந்தில் ஏமாறுவார். ஹாட்ஜஸ் தன் காலை மாற்றி வைக்கக் கற்றுக்கொண்டபோது அவருக்கு வயது 29. டேவிஸுக்கு 2019இல் வயது 33.

அவருடைய சராசரியை ஆண்டுவாரியாகப் பாருங்கள்: 2015இல் .262, 2016இல் .221, 2017இல் .215, 2018இல் .168. ஹோம் ரன்களும் அதே வரிசையில் 47, 38, 26, 16. ஒரு ஆண்டுகூட மேலே ஏறவில்லை. இதைப் பார்த்துவிட்டு, ஏப்ரல் மாதத்தில் எண்ணத் தொடங்கி, எப்போது மீள்வார் என்று கேட்டது, அந்த மனிதருக்கு நாம் செய்த உதவி அன்று.


இடதுகை ஆட்டக்காரன் எழுதியது:

கணக்கனின் ஸ்ட்ரைக் அவுட் வாதத்துக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் 2013இல் 53 ஹோம் ரன் அடித்தபோதும் டேவிஸ் 199 முறை ஸ்ட்ரைக் அவுட் ஆனவர்தான் என்பதை மறக்க வேண்டாம். அவர் எப்போதுமே அப்படித்தான் ஆடினார்.

அது மட்டுமல்ல, மனத்தின் மீதிருந்த பாரத்தையும் நீங்கள் குறைத்து மதிப்பிடுகிறீர்கள். 2016 ஜனவரியில் ஏழு ஆண்டுகளுக்கு 161 மில்லியன் டாலர் என்ற ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்திட்டார். 2018இல் ஓரியோல்ஸ் 47 ஆட்டங்களில் வென்று 115இல் தோற்றது. அந்த அணியில் மிக அதிகச் சம்பளம் வாங்குபவர், மிகக் குறைவாக அடிப்பவர். 2019 ஏப்ரல் 4 அன்று, சொந்த மைதானத்தின் முதல் ஆட்டத்தில், மூன்று முறை ஸ்ட்ரைக் அவுட் ஆகி, ஒவ்வொரு முறையும் கூச்சலுக்கு நடுவே திரும்பினார். பிறகு புதிய மேலாளர் பிராண்டன் ஹைட் அவரை உட்காரவைத்துவிட்டு ஹான்சர் அல்பெர்ட்டோவை அனுப்பினார். அல்பெர்ட்டோ வந்தவுடன் ஒரு சிங்கிள் (முதல் தளம் வரையிலான ஹிட்) அடித்தார், அரங்கம் ஆரவாரித்தது. அந்த ஆரவாரத்தை டக்அவுட்டில் உட்கார்ந்து கேட்கிறவரின் நிலையை எந்தச் சராசரியும் சொல்லாது.

மனம் எவ்வளவு தூரம் ஒருவரை வீழ்த்தும் என்பதற்கு ஸ்டீவ் பிளாஸ் போதும். பிட்ஸ்பர்க் பைரேட்ஸுக்காக 1971 உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தை வென்று கொடுத்தவர், 1972இல் 19 வெற்றிகள் பெற்றவர், 1973இல் 88 சொச்சம் இன்னிங்ஸ்களில் 84 பேரை வாக் கொடுத்து, அதாவது குறி தவறிய நான்கு பந்துகளால் இலவசமாக முதல் தளத்துக்கு, அனுப்பினார். தோளில் காயமில்லை, கையில் வலியில்லை. ஸ்ட்ரைக், அதாவது குறிக்குள் விழும் பந்து, வீசுவது மட்டும் அவரை விட்டுப் போய்விட்டது. திரும்பி வரவே இல்லை.


கணக்கன் எழுதியது:

பிளாஸின் கதை உண்மையில் உங்கள் வாதத்துக்கு எதிராக நிற்கிறது, நண்பரே. பிளாஸ் ஒரு குளிர்காலத்துக்குள் வீழ்ந்தார். வயதோ வேகமோ காரணம் இல்லை. டேவிஸ் படிப்படியாக இறங்கினார். இரண்டையும் ஒரே பெயரால் அழைத்துவிட்டால், அவரவருக்கு என்ன செய்ய முடியும் என்ற கேள்விக்கே இடமில்லாமல் போய்விடும். பிளாஸைப் போலவே 2000இல் பிளேஆஃப் ஆட்டமொன்றின் ஒரே இன்னிங்ஸில் ஐந்து வைல்டு பிட்ச் (பிடிக்கவே முடியாதபடி தாறுமாறாகப் போகும் பந்து) வீசிக் குலைந்துபோன செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸின் ரிக் ஆன்கீல், பிட்சிங்கையே விட்டுவிட்டு, 2007இல் அவுட்ஃபீல்டராகத் திரும்பி வந்த முதல் ஆட்டத்திலேயே ஹோம் ரன் அடித்தார். அவருடைய தோள் எங்கும் போய்விடவில்லை என்பதால்தான் அது முடிந்தது.


தென்கிழக்கு எழுதியது:

டேவிஸின் 54 முடிந்த நாளை இன்னும் யாரும் எழுதவில்லை. 2019 ஏப்ரல் 13, பாஸ்டனின் ஃபென்வே பார்க். முதல் இன்னிங்ஸில் மூன்று தளங்களிலும் ஆட்கள் நிற்கிறார்கள். ரிக் போர்செல்லோ வீசிய பந்தை டேவிஸ் வலப்பக்க அவுட்ஃபீல்டுக்கு அடிக்க, இரண்டு ரன்கள் வந்தன. பல முறை எதிரணிகள் அடைத்து வைத்திருந்த அதே வலப்பக்கம். முதல் தளத்தில் நின்று அவர் சிரித்ததையும், ஓரியோல்ஸ் டக்அவுட் மொத்தமும் எழுந்து ஆர்ப்பரித்ததையும், எதிரணி ரசிகர்களே கைதட்டியதையும் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். அதே ஆட்டத்தில் இன்னும் இரண்டு டபுள்கள் அடித்தார். மொத்தம் நான்கு ரன்களை ஓட்ட, ஓரியோல்ஸ் 9-5 என்று வென்றது.

இதே ஃபென்வேயில் 2012 மே 6 அன்று நடந்த 17 இன்னிங்ஸ் ஆட்டத்தில், எட்டு வாய்ப்புகளில் ஒரு ஹிட்கூட இல்லாமல் ஐந்து முறை ஸ்ட்ரைக் அவுட் ஆன டேவிஸ், அணியில் பிட்சர் தீர்ந்துபோனதால் கடைசி இரண்டு இன்னிங்ஸ்களையும் தானே வீசி, வெற்றி பெற்ற பிட்சர் ஆனார் என்பதையும் இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.


நாற்சதுரம் எழுதியது:

அந்த ஏப்ரல் மாலை எனக்கும் மகிழ்ச்சி தந்தது. ஆனால் அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2019ஐ .179 சராசரியோடும் 12 ஹோம் ரன்களோடும் முடித்தார். அந்த ஆகஸ்டில் ஆட்டத்தின் நடுவே மேலாளர் ஹைடோடு டக்அவுட்டில் மோதும் அளவுக்குப் போனார். 2020இல் 16 ஆட்டங்களில் .115. 2021இல் இடுப்பு மூட்டில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு, ஆகஸ்ட் 12 அன்று ஓய்வை அறிவித்தார். வறட்சி முடிந்தது, வீழ்ச்சி முடியவில்லை.

இதில் டேவிஸ் மீது எனக்கு எந்தக் கோபமும் இல்லை. ஒப்பந்தத்தை அவர் திருடவில்லை. அணி விரும்பிக் கொடுத்தது. ஒத்திவைக்கப்பட்ட 42 மில்லியன் டாலர் 2037 வரை அவருக்குப் போய்க்கொண்டிருக்கும் என்று ஏளனம் செய்பவர்கள், 2019 நவம்பரில் அவரும் மனைவியும் மேரிலாண்ட் பல்கலைக்கழகக் குழந்தைகள் மருத்துவமனைக்கு மூன்று மில்லியன் டாலர் கொடுத்ததைச் சொல்வதில்லை. என் குறையெல்லாம் அணி நிர்வாகத்தின் மீதுதான். அவரை இறக்கிவிட்டால் பணம் வீணாகிவிடும் என்ற ஒரே காரணத்துக்காக, 2018இல் 128 ஆட்டங்களில் அவரை மட்டையோடு நிறுத்தினார்கள். பணம் ஏற்கெனவே போய்விட்டது. அவரை ஆடவைப்பதால் அது திரும்பி வரப்போவதில்லை.


பிட்சர்மேடு எழுதியது:

நிர்வாகத்தைப் பற்றிய கருத்தோடு உடன்படுகிறேன். ஆனால் ஒன்றை மட்டும் சேர்க்க வேண்டும். டேவிஸுக்கு அந்தப் பெரிய ஒப்பந்தம் இருந்ததால்தான் 55ஆவது வாய்ப்பு கிடைத்தது. அவருக்கு முன்பு சாதனையை வைத்திருந்த யூஜெனியோ வெலெஸ், 2010இல் சான் பிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸுக்காக 9, 2011இல் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸுக்காக 37 என்று 46 வாய்ப்புகளில் தோற்றவர். அவருக்கு யாரும் பெரிய ஒப்பந்தம் கொடுத்திருக்கவில்லை. டாட்ஜர்ஸ் விடுவித்த பிறகு கீழ்நிலை லீக்குகளில் ஆடினாலும், மேஜர் லீக்கில் 47ஆவது வாய்ப்பு அவருக்கு வரவே இல்லை. அவருடைய தொடர் இன்றுவரை முறியவில்லை என்பதுதான் உண்மை. நீண்ட வறட்சிப் பட்டியலில் நாம் பார்ப்பவர்கள் எல்லோரும், வறண்ட பிறகும் ஆட அனுமதிக்கப்பட்டவர்கள். பத்தாவது அல்லது இருபதாவது வாய்ப்பிலேயே வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களின் எண்ணிக்கை எந்தப் பட்டியலிலும் இல்லை. கணக்கன் போட்ட 20,000இல் ஒன்று என்ற கணக்கிலும் இதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.


கணக்கன் எழுதியது:

ஏற்கிறேன். .168 அடிக்கும் ஒருவரை 54 முறை தொடர்ந்து நிறுத்திவைக்கும் அணி கிடைப்பதுதான் அந்தக் கணக்கில் மிக அரிதான பகுதி. 2018-19இன் பால்டிமோரில் மட்டும் அது கிடைத்தது.